துப்பாக்கிக்கு இன்டர்லாக்கிங் இல்லை

துப்பாக்கி என்பது தமிழில் பிறந்த சொல் அன்று என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கும். துருக்கி மொழியில் பிறந்து, படைகளோடும் வணிகர்களோடும் பயணம் செய்து நம்மிடம் வந்து சேர்ந்த சொல் அது. கன்னடத்தில் 'பந்தூகு' என்கிறார்கள். அது அரபு மொழி வழியாக வந்தது. பெங்களூரில் வாழும் நமக்கு இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கர்நாடகத்தில் காவல்துறை பொதுமக்களுக்கு நடத்தும் பயிற்சிக்கு 'நாகரிக பந்தூகு தரபேதி' என்று பெயர். இங்கே 'நாகரிக' என்றால் குடிமக்களுக்கான என்று பொருள். நம் தமிழ்க் காதுக்கோ 'நாகரிகமான துப்பாக்கிப் பயிற்சி' என்று கேட்கும். அதே பாடங்களைச் சொல்லித்தரும் ஒரு வார இறுதி முகாமுக்குச் சமீபத்தில் போய்வந்தேன். வந்த பிறகு, நம் காதில் விழும் பொருளும் தவறில்லை என்றே தோன்றுகிறது.

அறுபத்தாறு வயதில் இது எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். வீட்டிலும் அதைத்தான் கேட்டார்கள். காரணம் என் அண்ணன். தேன்கனிக்கோட்டைப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. கேழ்வரகு கதிர் பிடிக்கும் நேரத்தில் யானையும் காட்டுப்பன்றியும் வந்துவிடும். பயிர்க் காவலுக்கென்று உரிமம் வாங்கி, இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றை நெடுங்காலமாக வைத்திருக்கிறார். அதை விலங்கின் மேல் சுட்டதில்லை. வானத்தை நோக்கி வெடித்துச் சத்தம் காட்டுவதோடு சரி. இப்போது அவருக்கு எழுபத்து நான்கு வயது. பிள்ளைகள் வெளிநாட்டில். "தம்பி, நீ உன் பேருக்கு மாத்திக்கோ. நம்ம வீட்டுச் சாமான் வெளியே போகக் கூடாது" என்றார். ஆம், இல்லை என்று சொல்லும் முன் அந்தப் பொருளைப் பற்றி முறையாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயின் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன் நான். தெரியாத இயந்திரத்தில் கை வைப்பது எங்கள் தொழிலில் வழக்கமில்லை.

முதல் நாள் காலை: சுடாத பாடம்

சனிக்கிழமை காலை முழுவதும் ஒரு தோட்டாவைக்கூடக் கண்ணில் காட்டவில்லை. வந்திருந்தவர்களில் மென்பொருள் நிறுவன இளைஞர்கள், குடகிலிருந்து வந்த காப்பித் தோட்டக்காரர் ஒருவர், கல்லூரி மாணவிகள் இருவர், வங்கியில் காவலர் வேலைக்கு விண்ணப்பித்திருந்த முன்னாள் படைவீரர் ஒருவர் எனப் பலரும் இருந்தார்கள். பயிற்சியாளர்களில் ஒருவர் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் ஓய்வு பெற்றவர். அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் அந்தப் படைப்பிரிவின் வீரர்களை ராணுவத்தில் செல்லமாகத் 'தம்பி' என்று அழைப்பார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். தமிழ், கன்னடம், இந்தி மூன்றையும் கலந்து அவர் பாடம் எடுத்தார்.

அவர் சொன்ன விதிகள் நான்கு. உலகம் முழுவதும் ஏறத்தாழ இதே விதிகளைத்தான் சொல்லித்தருகிறார்கள்.

1. எந்தத் துப்பாக்கியும் தோட்டா நிரப்பப்பட்டதாகவே கருதப்பட வேண்டும்.

2. சுட விரும்பாத எதையும் நோக்கிக் குழல் வாய் திரும்பக் கூடாது.

3. குறி பார்த்து முடிக்கும் வரை விரல் விசைமேல் போகக் கூடாது.

4. இலக்கு எது, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக் கூடாது.

முதல் விதியைக் கேட்டவுடன் எனக்குப் பழைய நினைவு வந்தது. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் இரண்டு நிலையங்களுக்கு இடையே ரயில் இருக்கிறதா, இல்லையா? இல்லை என்று நிரூபணம் ஆகும் வரை, இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நிரூபணத்துக்காகத்தான் டோக்கன் பந்து என்ற ஏற்பாடு இருந்தது. இரு நிலையங்களிலும் உள்ள கருவிகள் மின்கம்பியால் இணைந்திருக்கும். ஒரு பந்து வெளியே வந்துவிட்டால், அது மீண்டும் ஏதாவதொரு கருவிக்குள் போகும் வரை இன்னொரு பந்து வராது. பந்து கையில் இல்லாமல் ஓட்டுநர் வண்டியை எடுக்க மாட்டார்.

கைகாட்டி மரமும் அப்படித்தான். கம்பி அறுந்தால் எடைக்கல் கையை இழுத்து 'நில்' என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிடும். கருவி கெட்டாலும் பாதுகாப்பான பக்கமே கெட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் வேதம். லீவர்களை இரும்புப் பூட்டுகளால் ஒன்றோடொன்று பிணைத்திருப்போம். பாயின்ட் சரியாகப் பொருந்தாமல் சிக்னல் லீவரை இழுக்க நினைத்தால் லீவர் அசையாது. இதற்குத்தான் இன்டர்லாக்கிங் என்று பெயர். மனிதன் மறப்பான், களைப்பான், அவசரப்படுவான் என்று எதிர்பார்த்து, அவன் தவற்றை இரும்பே தடுக்கும்படி செய்த ஏற்பாடு அது.

துப்பாக்கியில் அப்படி எதுவும் இல்லை. சேஃப்டி என்று ஒரு சிறு பொத்தான் பல துப்பாக்கிகளில் உண்டு. அது தேயும், மறந்துபோகும். பல ரிவால்வர்களில் அதுவும் கிடையாது. குழலுக்கு முன்னால் ஆள் இருந்தால் விசை அசையாது என்ற பூட்டு எந்தத் துப்பாக்கியிலும் இல்லை. ஆகவே அந்த நான்கு விதிகள்தான் இன்டர்லாக்கிங். அதுவும் இரும்பில் இல்லை, மனிதனின் பழக்கத்தில் இருக்கிறது. இரண்டு நாள் பயிற்சியின் சாரம் இவ்வளவுதான் என்பேன்.

குழலும் குண்டும்

பிற்பகலில் துப்பாக்கி வகைகளை விளக்கினார்கள். .22 என்றால் குழலின் விட்டம் ஓர் அங்குலத்தில் நூறில் இருபத்திரண்டு பங்கு, அதாவது சுமார் 5.6 மில்லிமீட்டர். '12 போர்' என்பதன் கணக்கு வேறு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமன் இருக்குமோ, அதுதான் அந்தக் குழலின் விட்டம், சுமார் 18.5 மில்லிமீட்டர். அண்ணனுடையது இந்த வகை. இதன் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். ஒரே தோட்டாவிலிருந்து பல ஈயச் சில்லுகள் சிதறிப் போகும்.

ரைஃபிளின் குழலுக்குள் திருகாணிப் புரி போல வரிகள் வெட்டியிருக்கும். குண்டு அந்த வரிகளில் கவ்விக்கொண்டு சுழன்றபடி வெளியேறும். சுற்றும் பம்பரம் சாயாமல் நிற்பது போல, சுழலும் குண்டு தலை குப்புறாமல் நேராகப் போகும். .22 ரைஃபிளில் வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டின் வேகம் நொடிக்குச் சுமார் 330 மீட்டர். கணக்குப் போட்டால் குண்டு நொடிக்கு எண்ணூறு சுற்று சுற்றுகிறது! அதன் எடையோ இரண்டரை கிராமுக்குச் சற்றே அதிகம். 'சின்னத் துப்பாக்கி' என்று இளப்பமாகப் பேசப்படும் இதன் குண்டு, தடுப்பு இல்லாவிட்டால் ஒன்றரைக் கிலோமீட்டர் வரை போகக்கூடியது. நான்காவது விதி ஏன் என்பது இப்போது புரியும். சுடுகளத்தின் முடிவில் உயரமான மண்மேடு இருப்பதும், சுடும் நேரத்தில் சிவப்புக் கொடி ஏற்றுவதும் இதற்காகத்தான்.

பின்னுதைப்பையும் இதே போல் கணக்கிடலாம். எடையை வேகத்தால் பெருக்கினால் உந்தம். 12 போர் தோட்டாவில் ஏறத்தாழ 32 கிராம் ஈயம் நொடிக்கு 380 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று கொண்டால், .22 ரைஃபிளைப் போலப் பதினான்கு மடங்கு உந்தம். அவ்வளவும் தோளில் திருப்பி விழும். கட்டையைத் தோள்குழியில் இறுக்கிப் பிடிக்காமல் தளர்வாக வைத்தால், கட்டை தனியே ஓடிவந்து தோளில் இடிக்கும். ரயில் பெட்டிகளின் இணைப்பு தளர்வாக இருந்தால் வண்டி கிளம்பும்போது குலுங்குமே, அதே கதை.

கைத்துப்பாக்கி ஏன் கடினம்?

சினிமாவில் கதாநாயகன் ஓடிக்கொண்டே பிஸ்டலால் சுட்டு வீழ்த்துகிறான். உண்மையில் கைத்துப்பாக்கிதான் கற்கக் கடினமானது, பக்கத்தில் நிற்பவருக்கு அதிக ஆபத்தானதும் அதுவே. காரணம் எளிய வடிவகணிதம். துப்பாக்கியின் முன்முனையில் ஒரு முள்ளும், பின்பக்கம் ஒரு வெட்டும் இருக்கும். வெட்டின் நடுவே முள்ளை நிறுத்தி, அதை இலக்கோடு சேர்க்க வேண்டும். ரைஃபிளில் இவ்விரண்டுக்கும் இடைவெளி 60 சென்டிமீட்டர் என்று கொள்வோம். முள் ஒரு மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தொலைவில் குண்டு சுமார் 17 மில்லிமீட்டர் விலகும். கைத்துப்பாக்கியில் இடைவெளி 15 சென்டிமீட்டர்தான். அதே ஒரு மில்லிமீட்டர் விலகல், இலக்கில் 67 மில்லிமீட்டராகிவிடும். விசையை வெடுக்கென்று இழுத்தாலே அந்த ஒரு மில்லிமீட்டர் போய்விடுகிறது. மூச்சை மெல்ல விட்டு, பாதியில் நிறுத்தி, விரலின் முதல் கணுவுக்கு முந்திய பகுதியால் மெதுவாக அழுத்த வேண்டும். எப்போது வெடித்தது என்று நமக்கே தெரியாதபடி வெடித்தால் அது நல்ல சுடுதல் என்றார் பயிற்சியாளர்.

இன்னொரு விஷயம், நீண்ட ரைஃபிளைத் திருப்ப உடம்பையே திருப்ப வேண்டும்; கைத்துப்பாக்கி மணிக்கட்டு அசைந்தாலே திரும்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை இது கண்ணெதிரே நடந்தது. ஓர் இளைஞர் இலக்கின் நடுவில் சுட்டுவிட்ட மகிழ்ச்சியில், கையில் ரிவால்வரோடு நண்பரைப் பார்க்கத் திரும்பினார். பயிற்சியாளர் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துக் களத்தின் பக்கம் திருப்பினார். திட்டவில்லை. ரிவால்வரைத் திறந்து காட்டினார். இன்னும் இரண்டு தோட்டாக்கள் உள்ளே இருந்தன. அதன்பின் அங்கே சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

பிஸ்டலைக் காலி செய்யும் வரிசையையும் சொல்ல வேண்டும். பிஸ்டலில் தோட்டாக்கள் மேகசினில் இருக்கும். மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று பலர் நினைக்கிறார்கள். குழலோடு சேர்ந்த அறையில் ஒரு தோட்டா ஏற்கெனவே ஏறியிருக்கலாம். ஆகவே முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும். பிறகு மேல் உறையைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். பிறகு கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். வரிசை மாறி, மேகசின் உள்ளே இருக்கும்போதே மேல் உறையை இழுத்துவிட்டால், ஒரு தோட்டா வெளியே விழும், அடுத்தது உள்ளே ஏறிவிடும். காலி என்று நம்பிக் கையில் வைத்திருப்போம்! சுட்டு முடித்ததும் 'ஜாஞ்ச் சஸ்த்ர்' என்ற இந்திக் கட்டளை வரும். ஆயுதத்தைச் சோதனைக்குக் காட்டு என்று பொருள். ஒவ்வொருவருடையதையும் பார்த்த பிறகே எழ விடுவார்கள்.

விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால் உடனே திறந்து பார்க்கக் கூடாது. குழலைக் களத்தை நோக்கியே வைத்து முப்பது விநாடி காத்திருக்கச் சொன்னார்கள். சில நேரம் மருந்து தாமதமாகப் பற்றும். காதுக்கும் கண்ணுக்கும் கவசம் கட்டாயம். துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டக்கூடியது. அந்த அளவில் ஒரே ஒரு வெடிகூடக் காதை நிரந்தரமாகக் கெடுக்கும். இன்ஜின் ஊதலிலேயே பாதிக் காதைக் கொடுத்துவிட்ட எங்களைப் போன்றவர்கள் மிச்சத்தையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1878இல் ஆங்கில அரசு கொண்டுவந்த ஆயுதச் சட்டம், இந்தியர் கையில் ஆயுதம் இருக்கக் கூடாது என்ற நோக்கத்தோடு வந்தது. சுதந்திரத்துக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. குடகு மாவட்டத்துக்கு மட்டும் ஒரு தனிச் சலுகை. 1861 முதல் அங்குள்ள கொடவர்களுக்கும், ஜம்மா நிலம் வைத்திருப்போருக்கும் உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு உண்டு. 2019இல் அதை மத்திய அரசு 2029 வரை நீட்டித்தது. அங்கே ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி, மரணம் நேர்ந்தால் இரண்டு வெடி என்ற வழக்கமும் உண்டு.

மற்ற நமக்கெல்லாம் உரிமம் கட்டாயம். பெங்களூர் நகரில் போலீஸ் கமிஷனரிடம் விண்ணப்பிக்க வேண்டும். காவல்துறை விசாரித்து அறிக்கை தரும். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி பாதுகாப்புப் பயிற்சி பெற்றதற்கான சான்றும் தேவை. பாதுகாப்பு, பராமரிப்பு, வைத்திருக்கும் முறை, எடுத்துச் செல்லும் முறை, சுடும் முறை, சட்டம் ஆகியவை அந்தப் பயிற்சியில் அடங்கும். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகளே வைத்திருக்கலாம், முன்பு மூன்று. உரிமத்தின் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாகியது. கல்யாண ஊர்வலத்திலும் திருவிழாவிலும் கொண்டாட்டமாக வானத்தை நோக்கிச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலே போன குண்டு கீழே வந்துதானே ஆக வேண்டும்!

சான்றிதழ் வாங்கிவிட்டால் உரிமம் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். பயிற்சிக்கு வருபவர்களில் பலர் உரிமம் கேட்பதே இல்லை. விளையாட்டாகக் கற்க வருகிறார்கள். அதில் ரயில்வேக்காரனாகிய எனக்கு ஒரு பெருமையும் உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே, மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். உலகக் கோப்பையில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்து, குஜராத்தில் வளர்ந்தவர். வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம். அவர் கலந்துகொள்ளும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில், பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர்தான்!

அண்ணனுக்குச் சொன்ன பதில்

பரம்பரைத் துப்பாக்கியைப் பற்றியும் விதிகளில் வழி இருக்கிறது. உரிமதாரர் இறந்த பின்போ, அவருக்கு எழுபது வயது ஆன பின்போ, அல்லது துப்பாக்கியை இருபத்தைந்து ஆண்டு வைத்திருந்த பின்போ, சட்டப்படியான வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்கலாம். உரிமம் கிடைக்கும் வரை அது வாரிசின் வீட்டுப் பரணில் கிடக்கக் கூடாது. காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். 'அப்பா காலத்துத் துப்பாக்கி, சும்மாதான் கிடக்கிறது' என்று வைத்திருந்தால் அது குற்றம்.

எனக்கு வழி இருந்ததா என்பது ஒரு கேள்வி. எனக்குத் தேவை இருந்ததா என்பது இன்னொன்று. நான் இருப்பது மூன்றாவது மாடி அடுக்ககத்தில். யானை அங்கே வருவதில்லை. விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வருவார்கள். அவர்கள் திறக்காத அலமாரி வீட்டில் கிடையாது. திருடனுக்குப் பயந்து வைத்துக்கொள்ளலாம் என்றால், பூட்டிய பெட்டியில் துப்பாக்கியும் வேறொரு பெட்டியில் தோட்டாவும் இருக்க வேண்டும். அவற்றைத் திறந்து நிரப்புவதற்குள் திருடன் போயிருப்பான். பூட்டாமல் வைத்தால் ஆபத்து திருடனுக்கு அல்ல, வீட்டாருக்கு. வீடுகளில் துப்பாக்கி நிறைந்த அமெரிக்காவில், துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. மனம் உடைந்த ஒரு கணத்தில் எட்டும் தூரத்தில் எது இருக்கிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. இன்டர்லாக்கிங் இல்லாத பொருளுக்கு நாம் போடக்கூடிய உறுதியான பூட்டு, அது அங்கே இல்லாமலிருப்பதே.

அண்ணனிடம் இதைப் பொறுமையாகச் சொன்னேன். "சாமான் போனா போகட்டும்ணே, சனங்க முக்கியம்" என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே அழைத்து, உரிமம் பெற்ற வணிகரிடம் எப்படி விற்பது என்று கேட்டார். கலெக்டர் அலுவலகத்துக்கு எழுத வேண்டிய மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். பயிர்க் காவலுக்கு இப்போது பட்டாசும், ஊரார் முறை வைத்துப் போடும் இரவுக் காவலும் இருக்கின்றன.

அப்படியானால் பயிற்சி வீண்தானே என்று கேட்கலாம். இல்லை. வேண்டாம் என்று சொல்வதற்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டிலோ உறவிலோ பழைய துப்பாக்கி இருந்தால், உரிமத்தின் காலம் முடிந்துவிட்டதா என்று இந்த வாரமே பாருங்கள். பிள்ளைகள் கற்க ஆசைப்பட்டால் தடுக்க வேண்டாம். முறையான சுடுகளத்துக்கு அனுப்புங்கள். அங்கே பயிற்சி பெற உரிமம் தேவையில்லை. அடையாளச் சான்றும், புகைப்படமும், சில இடங்களில் மருத்துவச் சான்றும் கேட்பார்கள். பொறுமை, மூச்சு, கவனம் மூன்றும் அதில் வளரும். எங்காவது யாராவது ஒரு துப்பாக்கியைக் கையில் கொடுத்து "காலிதான், பயப்படாதீங்க" என்றால், நம்ப வேண்டாம். குழலைத் தரையை நோக்கித் திருப்பச் சொல்லி, திறந்து காட்டச் சொல்லுங்கள். மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.